ரேடியேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்க வேண்டிய லேசர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல் வைத்தியத்துல லேசர் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். நானும் பல் டாக்டர்தான், லோ லெவல் லேசர், அதாவது குறைஞ்ச பவர் லேசர் மெஷின தினமும் கையில எடுக்கற ஆளு, அதனால இந்த விஷயம் பேப்பர் வரைக்கும் வந்ததுல எனக்கு நிஜமாவே சந்தோஷம். ஆனா படிச்சு முடிச்சதும் மனசுக்கு ஒரு குறை. ஈறு வெட்டற லேசர், பல்ல குடையற லேசர், வலி குறைக்கற லேசர், பல்ல வெள்ளையாக்கற லைட் எல்லாத்தையும் ஒரே பாராவுல போட்டு கலந்துட்டீங்க. அதோட பலன் என்னன்னா, கட்டுரைய கிழிச்சு மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டு வர்றவங்க "டாக்டர், இந்த லேசர் போட்டா சொத்தை போயிடுமா, ரூட் கெனால் வேணாமா"ன்னு கேக்கறாங்க. இல்லைங்க, போகாதுன்னு ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து விளக்கறேன், அதுல எனக்கு கஷ்டம் ஒண்ணும் இல்ல. கஷ்டம் வேற இடத்துல இருக்கு. இந்த லோ லெவல் லேசர் யாருக்கு உண்மையிலயே பெரிய உதவியோ, அதாவது வாய்லயோ தொண்டையிலயோ கேன்சர் வந்து ரேடியேஷன் எடுக்கப் போறவங்க, அவங்க யாரும் வந்து கேக்கல. ஏன்னா கட்டுரையில அத பத்தி ஒரு வரி கூட இல்ல. அதுக்காகத்தான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கோங்க, வெட்டிடாம போடுங்க.

முதல்ல அந்த குழப்பத்த தீர்த்துடறேன். பல் கிளினிக்ல இருக்கற லேசர்கள் பொதுவா ரெண்டு ரகம். ஒண்ணு, சூட்டால வேலை செய்யற பவர் அதிகமான லேசர். அதுல எர்பியம் யாக்னு ஒண்ணு, அதோட வேவ்லெங்த், அதாவது வெளிச்சத்தோட அலைநீளம், 2940 நானோமீட்டர், தண்ணிய ரொம்ப வேகமா சூடாக்கும், பல்லோட மேல்பூச்சான எனாமலுக்குள்ளயும் அதுக்கு உள்ள இருக்கற டென்டினுக்குள்ளயும் இருக்கற கொஞ்ச நஞ்ச தண்ணி சட்டுனு ஆவியாகி வெடிக்கறதுல பல் குடையப்படும், 1997லயே அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தர்ற எஃப்டிஏ பல்ல குடையறதுக்கு இதுக்கு அனுமதி கொடுத்தாச்சு. ஈறு வெட்டறதுக்கு டயோட் லேசர் இருக்கு, அதோட முனைய வச்சா சதை கருகற வாசனை வரும். இன்னொரு ரகம்தான் நான் பேச வந்தது. இது வெட்டாது, கருக்காது, சூடும் தெரியாது. பவர் பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்குள்ளதான், பல மெஷின்ல 100 மில்லிவாட் கூட இருக்காது. சிவப்பு வெளிச்சம்னா 630லேருந்து 680 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புன்னா 780லேருந்து மேல, 808, 810 எல்லாம் சகஜமா பார்க்கலாம். முனைய கன்னத்துல வச்சா பேஷன்டுக்கு ஒண்ணும் தெரியாது, "ஆரம்பிச்சிட்டீங்களா"ன்னுதான் முக்காவாசி பேர் கேப்பாங்க. சிவப்பு லேசர் முனைய விரல் நுனியில அழுத்தி வச்சுப் பாத்தா நகத்தச் சுத்தி முழு விரலும் சிவப்பா ஒளிரும், வெளிச்சம் சதைக்குள்ள எவ்வளவு பரவுதுன்னு அத பார்த்தாலே புரியும். அந்த வெளிச்சம் உள்ள போய் என்ன பண்ணுதுங்கறதுதான் விஷயம்.

இது நேத்து முளைச்ச டெக்னிக் இல்ல. 1960ல தியோடர் மைமன் முதல் ரூபி லேசர ஓட்டிக் காட்டினார், அதுக்கப்புறம் ஏழே வருஷத்துல, 1967ல, ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்ங்கற டாக்டர் எலிகளோட முடிய மழிச்சுட்டு அந்த இடத்துல குறைஞ்ச பவர் ரூபி லேசர் அடிச்சுப் பார்த்தார். தோல் பொசுங்கல, மாறா வெளிச்சம் பட்ட இடத்துல முடி சீக்கிரமா வளர்ந்தது. பிறகு அவர் ஆறாத புண்ணுக்கு இத பயன்படுத்த ஆரம்பிச்சார். இப்ப பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் சொல்ற விளக்கம் இதுதான்: நம்ம செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவுல சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, சிவப்பு, அகச்சிவப்பு வெளிச்சத்த அது உறிஞ்சும். நோயோ காயமோ பட்ட செல்லுல அந்த என்சைம் மேல நைட்ரிக் ஆக்சைடு ஒட்டிக்கிட்டு வேலைய மந்தமாக்கி வச்சிருக்கும், வெளிச்சம் பட்டதும் அது கழண்டு போகும், செல் மறுபடி ஆக்ஸிஜன ஒழுங்கா பயன்படுத்தி ஏடிபிங்கற சக்திப் பொருள தயாரிக்கும். அதோட தொடர்ச்சியா வீக்கம் தணியறது, புது திசு வளர்றதுன்னு பல மாற்றம் நடக்குது. ஃபோட்டோபயோமாடுலேஷன்னு எங்கயாவது படிச்சா அதுவும் இதேதான், இப்ப ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் அந்தப் பேருலதான் வருது.

சரி, வெளிச்சம் நல்லது பண்ணுதுன்னா அதிகமா கொடுத்தா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். இங்கதான் எங்க ஆளுங்களே நிறைய பேர் சறுக்கறாங்க. இதுல டோஸ் கம்மியா போனா ஒண்ணும் நடக்காது, சரியா போனா செல் சுறுசுறுப்பாகும், எல்லை தாண்டினா அதே வெளிச்சம் செல்லோட வேலைய அடக்கிடும். லேப்ல திரும்பத் திரும்ப பார்த்த விஷயம் இது. அதனால டோஸ் கணக்குதான் இந்த சிகிச்சையோட உயிரே. கணக்கு ஒண்ணும் பெரிய கணக்கு இல்ல, வாட்ட செகண்டால பெருக்கினா ஜூல். 100 மில்லிவாட் மெஷின 40 செகண்ட் வச்சா 4 ஜூல். ஆனா அதே 4 ஜூல், முனையோட பரப்பு 1 சதுர சென்டிமீட்டர்னா சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல், முனை சின்னதா 0.1 சதுர சென்டிமீட்டர்னா 40 ஜூல். பத்து மடங்கு வித்தியாசம்! ரெண்டு கிளினிக்லயும் கேஸ் ஷீட்ல "லேசர் 40 செகண்ட்"னு மட்டும் எழுதியிருந்தா ரெண்டு பேரும் ஒரே சிகிச்சை கொடுத்தாங்கன்னுதான் நினைப்போம், ஆனா ஒருத்தருக்குக் கிடைச்சது வேற, இன்னொருத்தருக்குக் கிடைச்சது வேற. மாத்திரை எழுதும்போது எத்தன மில்லிகிராம்னு எழுதாம "வெள்ளை மாத்திரை ஒண்ணு"ன்னு எந்த டாக்டராவது எழுதுவாரா? லேசருக்கு மட்டும் ஏன் அப்படி எழுதறோம்னு எனக்குப் புரியவே இல்ல. வேவ்லெங்த், பவர், முனையோட பரப்பு, எத்தன செகண்ட், எத்தன இடம், வாரத்துக்கு எத்தன தடவ, இவ்வளவும் எழுதணும். இன்னொண்ணும் சொல்லணும், மெஷின் பழசாக ஆக உள்ள வெளிச்சம் விடற டயோடோட பவர் குறையும், டிஸ்ப்ளேல 100னு காட்டிக்கிட்டே இருக்கும், முனையில வர்றது அவ்வளவு இருக்காது. முனைக்கு மாட்டற பிளாஸ்டிக் கவர் கூட கொஞ்சம் வெளிச்சத்த தின்னும். அதனால பவர் மீட்டர் வச்சு அப்பப்ப அளக்கணும், கவரோட சேர்த்து அளக்கணும். இத பண்றவங்க எத்தன பேர்னு நெஞ்சுல கை வச்சு நாங்க எங்களையே கேட்டுக்கணும்.

இப்ப நான் எழுத வந்த விஷயத்துக்கு வர்றேன். தலை, கழுத்துப் பக்கம் கேன்சர்னா ரேடியேஷன் பொதுவா வாரத்துக்கு 5 நாள், 6லேருந்து 7 வாரம் நடக்கும், மொத்தமா 60லேருந்து 70 கிரே (ரேடியேஷன் அளவோட யூனிட்) வரைக்கும் போகும். ரெண்டாவது, மூணாவது வாரத்துலேருந்து வாயோட உள்தோல் செவக்க ஆரம்பிச்சு, அப்புறம் உரிஞ்சு, புண்ணாகி, மஞ்சளும் வெள்ளையுமா ஒரு படலம் மூடிக்கும். மியூகோசைட்டிஸ்னு பேரு. உலக சுகாதார நிறுவனம் இத பூஜ்ஜியத்துலேருந்து 4 வரைக்கும் தரம் பிரிச்சு வச்சிருக்கு, 2 வரைக்கும் கெட்டியான சாப்பாடு இறங்கும், 3ல தண்ணி ஆகாரம் மட்டும், 4ல வாய் வழியா எதுவுமே இறங்காது, டியூப்தான். கேக்கும்போது வெறும் நம்பர்தான். நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும், எச்சில முழுங்க முடியாம டம்ளர்ல துப்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, பேசணும்னா எழுதிக் காட்டுவாங்க, தூக்கத்துல நாக்கு பல்லுல பட்டா முழிச்சுக்குவாங்க. எடை இறங்கும். வலி தாங்காம சிகிச்சைய நடுவுல நிறுத்தறவங்களும் உண்டு, தலை கழுத்து கேன்சர்ல ரேடியேஷன் நடுவுல நின்னு இழுத்துக்கிட்டுப் போனா கேன்சர் கட்டுப்படற வாய்ப்பே குறையும். அதனால இது வெறும் வாய்ப்புண் சமாச்சாரம் இல்ல, உயிரோட சம்பந்தப்பட்ட சமாச்சாரம்.

இங்கதான் லோ லெவல் லேசருக்கு உறுதியான ஆதாரம் இருக்கு. கேன்சர் பேஷன்ட்களோட பக்க விளைவுகள கவனிக்கறதுக்குன்னே இருக்கற சர்வதேச டாக்டர் அமைப்பு எம்ஏஎஸ்சிசி, வாய்ப் புற்றுநோய் சார்ந்த இன்னொரு சர்வதேச அமைப்போட சேர்ந்து மியூகோசைட்டிஸுக்கு வழிகாட்டுதல் வெளியிடுது. 2014ல எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு முன்னாடி பெரிய டோஸ் கீமோ எடுக்கறவங்களுக்கு இத பரிந்துரை பண்ணாங்க, டோஸும் சேர்த்தே சொன்னாங்க: 650 நானோமீட்டர், 40 மில்லிவாட், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 ஜூல். கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 செகண்ட் வருது. 2020ல புதுப்பிச்சப்போ, தலை கழுத்துக்கு ரேடியேஷன் மட்டும் எடுக்கறவங்களுக்கும், ரேடியேஷனும் கீமோவும் சேர்த்து எடுக்கறவங்களுக்கும் மியூகோசைட்டிஸ் வராம தடுக்க இத பரிந்துரை பண்ணிட்டாங்க. பிரிட்டன்ல நைஸ்னு ஒரு அரசு சார்ந்த அமைப்பு, எந்த சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கு, எதுக்கு இல்லன்னு கறாரா பார்த்து சொல்றவங்க, அவங்களும் 2018லயே பாதுகாப்புல பெரிய கவலை எதுவும் இல்ல, பலனுக்குப் போதுமான ஆதாரம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. பல் மருத்துவத்துல லேசர் பத்தி இவ்வளவு தெளிவா பரிந்துரை வந்த வேற விஷயம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அது உங்க கட்டுரையில வரல, பல்ல வெள்ளையாக்கறது வந்தது.

அதுலயும் முக்கியமான சொல், தடுக்கறது. புண் வந்த பிறகும் வலிக்கு கொடுக்கலாம், ஓரளவு ஆறுதலும் கிடைக்கும், ஆனா முழுப் பலன் ரேடியேஷன் ஆரம்பிக்கற நாள்லேருந்தே கொடுக்கறதுலதான் இருக்கு. உதடு உள்பக்கம், ரெண்டு கன்னம், நாக்கோட ஓரமும் அடிப்பக்கமும், நாக்குக்குக் கீழ இருக்கற தரை, மேலண்ணத்தோட மெத்துனு இருக்கற பின்பகுதி, இப்படி கட்டி இருக்கற இடத்த விட்டுட்டு மத்த எல்லா இடத்துலயும் புள்ளி புள்ளியா வச்சுக்கிட்டே வரணும். பொறுமை வேணும், பேஷன்ட் வாயத் தொறந்துக்கிட்டே இருக்கணும், நடுநடுவுல மூடி ஓய்வெடுக்கணும். என்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க, ரேடியேஷன் பாதிக்கு மேல முடிஞ்ச நிலைமை, வாய் ஒரு விரல் கடை அளவுதான் தொறக்குது, முனைய உள்ள கொண்டு போகவே முடியல, கன்னத்துக்கு வெளிய இருந்துதான் கொஞ்சம் கொடுத்தேன். கூட வந்த பொண்ணு கேட்டுச்சு, "டாக்டர், இது முன்னாடியே இருக்குன்னு ஏன் எங்களுக்கு யாருமே சொல்லல?" சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரியில கேன்சர நல்லாத்தான் பார்த்தாங்க, அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா வாய பத்தி அவங்களுக்குக் கொடுத்தது ஒரு மவுத்வாஷ் பாட்டில் மட்டும்தான். அந்தப் பொண்ணு கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

இத்தனைக்கும் வழி ஏற்கெனவே இருக்கு. தலை கழுத்து ரேடியேஷனுக்கு முன்னாடி எல்லாரையும் பல் டாக்டர்கிட்ட அனுப்பணும்ங்கறது பழைய விதி. காப்பாத்த முடியாத பல்ல பொதுவா 2 வாரத்துக்கு முன்னாடியே எடுத்துடணும், ரேடியேஷனுக்கு அப்புறம் தாடையில பல் எடுத்தா எலும்பு செத்துப் போற ஆபத்து இருக்கு, அதுக்காகத்தான் அனுப்பறது. அந்த விசிட்லயே லேசருக்கும் பேசி முடிச்சுட்டா என்ன? பேஷன்ட் ஏற்கெனவே நாற்காலியில உக்காந்திருக்கார், வாய் நல்லா தொறக்குது, புண் இன்னும் வரல. ரேடியேஷன் டாக்டரும் பல் டாக்டரும் ஒரு போன் பேசினா போதும், எந்த இடத்துல கட்டி, எந்தப் பக்கம் ரேடியேஷன் படும், எந்த இடத்த தவிர்க்கணும்னு எல்லாம் அதுலயே முடிவாயிடும். இதுக்கு புதுசா கட்டடமோ டிபார்ட்மென்ட்டோ தேவையில்ல. தேவை, ரெண்டு பேருக்கும் இது தெரிஞ்சிருக்கணும், பேஷன்டும் கேக்கணும்.

ஒரு பயம் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லணும். நல்ல செல்ல வளர்க்கற வெளிச்சம் கேன்சர் செல்லயும் வளர்த்துடாதான்னு கேப்பாங்க, நியாயமான கேள்வி. லேப்ல தட்டுல வளர்த்த கேன்சர் செல்கள்ல சில ஆராய்ச்சியில வளர்ச்சி கூடினது உண்மை. ஆனா பேஷன்ட்கள இத்தன வருஷமா தொடர்ந்து பார்த்த வரைக்கும், லேசர் எடுத்தவங்களுக்கு கேன்சர் திரும்ப வர்றது கூடுதலா இருந்ததா காட்டல. அப்படி இருந்தும் தெரிஞ்ச கட்டி மேல நேரா அடிக்கக் கூடாதுங்கற கட்டுப்பாட்ட கடைப்பிடிக்கணும், பேஷன்ட்கிட்ட இந்த விஷயத்த சொல்லி சம்மதம் வாங்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும். பேஷன்ட்கிட்ட நன்மையும் ஆபத்தும் ரெண்டையும் சொல்லணும்னு வழிகாட்டுதலும் சொல்லுது.

மத்த உபயோகங்கள் பத்தி சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா வாசகர்கள் அதையும் கேப்பாங்க. சாதாரணமா வந்து போற வாய்ப்புண்ணுக்கு வலி சீக்கிரம் குறையறது பல ஆராய்ச்சியில வந்திருக்கு, நானும் பார்க்கறேன். பல் கூச்சத்துக்கு 2021ல வந்த காக்ரேன் ஆய்வு, அதாவது பல ஆராய்ச்சிகள ஒண்ணா சேர்த்துப் பார்க்கற அமைப்போட ஆய்வு, லேசர் வலிய குறைக்கலாம்னு சொல்லுது, ஆனா ஆதாரம் குறைவு, உறுதி போதாதுன்னும் அதே மூச்சுல சொல்லுது. கிளிப் போட்ட பல்லுல முதல் சில நாள் வர்ற வலிக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான், 2016 காக்ரேன் ஆய்வு அப்படித்தான் முடிஞ்சது. ஞானப்பல் எடுத்த பிறகு வீக்கத்துக்கும், தாடை மூட்டு வலிக்கும், சில ஆராய்ச்சி ஆமாங்குது, சில இல்லங்குது, அதுக்கு ஒரு காரணம் நான் மேல சொன்ன டோஸ் கோளாறு, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அளவு கொடுத்து ஒவ்வொரு முடிவு எழுதறாங்க. பல்ல வெள்ளையாக்கறதுல வேலை செய்யறது பெராக்சைடு ஜெல், அதுக்கு மேல காட்டற வெளிச்சத்தால பெரிசா கூடுதல் பலன் இருக்கறதா நம்பகமா தெரியல. சொத்தைக்கு, சீழுக்கு, ஆடற பல்லுக்கு லோ லெவல் லேசர் மட்டும் வச்சு சரி பண்றேன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. கிருமிய கொல்றதுக்கு லேசர் பயன்படற முறை தனியா ஒண்ணு இருக்கு, ஈறுல நீலச் சாயம், மெத்திலீன் புளூ மாதிரி, தடவி அதுக்கு மேல சிவப்பு லேசர் காட்டறது, சாயம் இல்லாம வெறும் வெளிச்சத்துக்கு அந்த வேலை வராது.

மனசளவுல வர்ற நிம்மதிதான் இதெல்லாம், வெளிச்சத்துக்கு வேலையே இல்லன்னு சில டாக்டர் நண்பர்கள் சொல்றாங்க. அவங்களுக்கு ஒண்ணு சொல்வேன், இந்த சிகிச்சைய சோதிக்கறது மத்த பலத விட சுலபம். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தோலுக்கும் தெரியாது, மெஷின் அதே பீப் சத்தம் போடும், வெளிச்சம் வருதா வரலையான்னு பேஷன்டுக்கும் தெரியாது, பிடிச்சிருக்கற ஆளுக்கும் தெரியாம பண்ணிடலாம். பொய் லேசரோட ஒப்பிட்டு நேர்மையா சோதிச்சதுல மியூகோசைட்டிஸ் தேறியிருக்கு. மத்ததெல்லாம் தேறுமா தேறாதான்னு அதே மாதிரி சோதிச்சே பார்த்துடலாம், சும்மா நம்பவும் வேணாம், சும்மா ஒதுக்கவும் வேணாம்.

பாதுகாப்பு பத்தி ரெண்டு விஷயம் கட்டாயம் போடணும்னு கேட்டுக்கறேன். ஒண்ணு கண்ணு. பவர் குறைவுதானேன்னு அலட்சியம் வேணாம், இந்த மெஷின்கள்ல நிறைய கிளாஸ் 3பி, அதாவது கண்ணுக்கு ஆபத்தான லேசர் வகை, நேரா கண்ணுக்குள்ள போனா விழித்திரைய கெடுக்கும். சிவப்பு வெளிச்சம்னா கூசும், கண்ண மூடிக்குவோம், அகச்சிவப்புல கூசவே கூசாது, கண்ணுக்குள்ள போறது நமக்குத் தெரியவும் தெரியாது. பேஷன்ட், டாக்டர், உதவி பண்ற நர்ஸ், கூட நிக்கற சொந்தக்காரங்க எல்லாருக்கும் கண்ணாடி வேணும், அதுவும் அந்த மெஷினோட வேவ்லெங்த் எழுதியிருக்கற கண்ணாடி. 660க்கு செஞ்ச கண்ணாடி 808ஐ தடுக்கணும்னு இல்ல, வெயிலுக்குப் போடற கறுப்புக் கண்ணாடி எதுக்கும் ஆகாது. குழந்தைங்க உக்காந்தா கண்ணாடிய தள்ளி விடுவாங்க, அங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். மெஷின் அகச்சிவப்பு விடுதான்னு பார்க்கணும்னா பல மொபைல் கேமராவுல முனை வெள்ளையாவோ ஊதாவாவோ ஒளிர்றது தெரியும், அத டாக்டர் தன் கண்ணாடியோட பார்க்கட்டும், வீட்ல யாரும் முயற்சி பண்ண வேணாம்.

ரெண்டாவது, இது எனக்கு ரொம்ப முக்கியம். வாயில ஒரு புண் 2 வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா அதுக்கு லேசர் கிடையாது, முதல்ல அது என்ன புண்ணுன்னு பார்க்கணும், தேவைப்பட்டா துண்டு எடுத்து பயாப்ஸி அனுப்பணும். லேசர் வலிய குறைக்கும்ங்கறதாலேயே இதுல ஆபத்து இருக்கு, வலி போயிடுச்சுன்னு பேஷன்ட் வீட்டுக்குப் போயிடுவார், உள்ள இருக்கறது கேன்சரா இருந்தா அது வளர்ந்துக்கிட்டே இருக்கும். நாக்கு ஓரத்துலயோ கன்னத்துலயோ ஆறாத புண், காரணமில்லாத வெள்ளைத் திட்டு, செவப்புத் திட்டு, இதுல எதையும் என்ன நோய்னு கண்டுபிடிக்காம லேசர் கொடுக்கற டாக்டர்கிட்ட பேஷன்டே "பயாப்ஸி வேணாமா"ன்னு கேக்கலாம், அதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல. வெளிச்சம் பட்டா ஒத்துக்காம போற மருந்து ஏதாவது சாப்பிட்டுக்கிட்டிருந்தா அதையும் முன்னாடியே சொல்லிடணும்.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ரேடியேஷனுக்குப் போறவங்களோட வாய எப்படி பாதுகாக்கணும்னு தனியா ஒரு கட்டுரை போடுங்க. அதுல லேசர் மட்டும் வேணாம், ரேடியேஷனுக்கு முன்னாடி பல் பார்க்கறது, மெத்துனு பிரஷ், எச்சில் வறண்டு போனதுக்கு அப்புறம் சொத்தை வராம ஃபுளோரைடு, சில வகை கீமோவுக்கு ஐஸ் கட்டி சப்பறது, வாய் தொறக்கற பயிற்சி எல்லாமும் வரட்டும். ஒரு கேன்சர் டாக்டர்கிட்டயும் வாய் நோய் பார்க்கற பல் டாக்டர்கிட்டயும் சேர்த்தே கேட்டு எழுதுங்க. பேஷன்டோட வீட்டுக்காரங்க கத்தரிச்சு எடுத்துக்கிட்டுப் போய் ரேடியேஷன் டாக்டர்கிட்ட காட்டற மாதிரி நாலு கேள்விய பெட்டி கட்டிப் போடுங்க: ரேடியேஷன் எந்தத் தேதி ஆரம்பிக்குது, அதுக்குள்ள பல் டாக்டர பார்த்துட்டோமா, வாய்ப்புண் தடுக்கற லேசர் இங்க கிடைக்குமா, கிடைக்கலன்னா எங்க அனுப்புவீங்க. பல் கல்லூரிகள்ல இந்த மெஷின் பல இடத்துல ஏற்கெனவே இருக்கு, பெரும்பாலும் ஆராய்ச்சிக்கும் ஸ்டூடன்ட்ஸ் தீசிஸுக்கும்தான் வெளிய வருது, அத கேன்சர் வார்டு பேஷன்ட்களுக்கு காலையில ஒதுக்கினா கூட எவ்வளவோ பேருக்கு சாப்பாடு இறங்கும்.

என் சக பல் டாக்டர்கள் யாராவது இத படிச்சா, உங்ககிட்டயும் கேக்கறேன். மெஷின் வச்சிருக்கீங்கன்னா பக்கத்துல ரேடியேஷன் கொடுக்கற ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் எழுதுங்க, இந்த வேவ்லெங்த், இந்த பவர் எங்ககிட்ட இருக்கு, உங்க பேஷன்ட்கள முதல் நாளே அனுப்புங்கன்னு. நான் எழுதிட்டேன், ஒரு டாக்டர் திரும்ப போன் பண்ணி அடுத்த வாரம் ரேடியேஷன் ஆரம்பிக்கற ஒருத்தர அனுப்பறேன்னு சொல்லியிருக்கார்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர், உங்க வாசகர்